டயாலிசிஸ் நோயாளியின் உடலில் ரத்த அளவு ஏறி இறங்குவது ஏன்? வீட்டு எடை மெஷின் முதல் டயாலிசிஸ் கட்டில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர், ஆலங்குளம் என்று நாலா பக்கமிருந்தும் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கும் நோயாளிகள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “தம்பி, போன தடவையும் மூணு லிட்டர்தான் எடுத்திய, ஒண்ணும் செய்யல. இன்னைக்கும் மூணுதான். பொறவு ஏன் இப்படித் தலை சுத்துது?”

நியாயமான கேள்வி. சிறுநீராகப் போகாமல் உடலில் தேங்கி, டயாலிசிஸ் மெஷின் எடுத்த தண்ணீரின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் ரத்தக்குழாய்க்குள் நடந்தது ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட நோயாளியும், அவரோடு துணைக்கு வரும் வீட்டாரும், கட்டிலில் படும் அவதியில் பெரும்பகுதியைத் தாங்களே தடுத்துக்கொள்ள முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருந்தையும், மிகுதித் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையான ‘டிரை வெயிட்’டையும் மாற்றுவது சிறுநீரக மருத்துவரின் வேலை; அவரிடம் சரியான தகவலோடு போய் நிற்பது உங்கள் வேலை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் 24 லிட்டர் செல்களுக்குள்ளேயே இருக்கும். வெளியே இருக்கும் 12 லிட்டரில் 9 லிட்டர் செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் தங்கியிருக்கும். கால் வீங்கும்போது விரலால் அழுத்தினால் குழி விழுகிறதே, அந்தத் தண்ணீர் இதுதான். மிச்சமுள்ள 3 லிட்டர் மட்டுமே ரத்தக்குழாய்க்குள் பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியாக, ஓடுகிறது. அதோடு சிவப்பணுக்களும் சேர்ந்து மொத்த ரத்தம் நாலு, நாலரை லிட்டர்.

டயாலிசிஸ் மெஷின் இந்த 36 லிட்டரையும் தொடுவதில்லை. ஊசி குத்தியிருப்பது ரத்தக்குழாயில். ஆகவே அது இழுக்கும் ஒவ்வொரு துளியும் அந்த 3 லிட்டரிலிருந்துதான் போகிறது. நாலு மணி நேரத்தில் 3 லிட்டர் எடுக்கிறோம் என்றால், கணக்குப்படி பிளாஸ்மா முழுவதையும் எடுத்ததற்குச் சமம். ஆனாலும் முடிவில் அளந்து பார்த்தால் பெரும்பாலானோருக்கு ரத்த அளவு பத்து முதல் இருபது சதவீதம்தான் குறைந்திருக்கும். காரணம், எடுக்க எடுக்க இடுக்குகளில் நிற்கும் தண்ணீர் குழாய்க்குள் திரும்பி வந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது.

கோடையில் சிற்றாற்றிலும் நம்பியாற்றிலும் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து, சிரட்டையால் கோரிக் குடம் நிரப்பிய தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிதானமாகக் கோரினால் மணலுக்குள்ளிருந்து தண்ணீர் சுரந்து வந்துகொண்டே இருக்கும். நாலு குடமும் நிறையும். அவசரப்பட்டு வாரினால் சிரட்டையில் மணல்தான் வரும். மணலுக்குள் தண்ணீர் வற்றிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அது ஊறி வரும் வேகத்தை நம் கை மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். கால் வீக்கம் வடியாமல் இருக்கும்போதே பி.பி. படுத்துவிடுகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு இதற்கு மேல் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஊறும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் மாறும். தண்ணீரைக் குழாய்க்குள் இழுத்துப் பிடித்து வைப்பது ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம். சரியாகச் சாப்பிடாமலோ காய்ச்சலிலோ அல்புமின் குறைந்தவருக்கு ஊற்று மெதுவாகத்தான் ஊறும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் நரம்புகள் தளர்ந்துவிடுவதால், ரத்தம் குறையும் நேரத்தில் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதில்லை. இதயத் தசை தடித்துப் போனவருக்கு ரத்த அளவில் சிறு குறைவும் பெரிதாகத் தெரியும். மேலே கேட்ட “போன தடவையும் மூணுதானே” என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

படி 2: வீட்டில் எடை நோட்டு போடுங்கள்

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே கூடும் ஒரு கிலோ என்பது ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு மூன்று நாளில் சதை போடாது. ஆகவே தினமும் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, காப்பி குடிக்கும் முன்பு, ஒரே மாதிரி உடையில், ஒரே எடை மெஷினில், ஒரே இடத்தில் நின்று எடை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள்.

‘ஒரே இடத்தில்’ என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை நாங்கள் தரையைக் கழுவிவிட்டு எடை மெஷினைத் தண்ணீர் வாட்டமுள்ள டைல்ஸின் மேல் வைத்துவிட்டோம். அன்று முதலில் ஏறிய ஓர் அம்மாவுக்கு ஒரு கிலோ அதிகமாகக் காட்டியது. நான் சந்தேகப்படாமல் அதை அப்படியே கணக்கில் சேர்த்தேன். மூன்றாவது மணி நேரத்தில் அவருக்கு இரண்டு கெண்டைக்காலும் ஒருசேரப் புரட்டிப் பிடித்தன. அந்த அலறல் இன்றும் காதில் நிற்கிறது. அவர் வீட்டில் பார்த்து எழுதிய எடை கையில் இருந்திருந்தால் அந்த ஒரு கிலோ பொய் என்று ஊசி குத்தும் முன்பே தெரிந்திருக்கும்.

எடையோடு சிறுநீரையும் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்தால், அதோடு 500 முதல் 750 மில்லி கூட்டிய அளவே பொதுவாக ஒரு நாளைக்கு அனுமதிக்கப்படும் திரவம். ஆண்டுகள் போகப் போகச் சிறுநீர் குறைந்துகொண்டே வரும் என்பதால், இரண்டு வருடம் முன்பு சொன்ன அளவிலேயே இன்றும் குடித்துக்கொண்டிருப்பது தவறாகிவிடும்.

படி 3: டிரை வெயிட்டை நிலையான எண்ணாக நினைக்காதீர்கள்

டிரை வெயிட் என்பது உடலில் மிகுதித் தண்ணீர் இல்லாத நிலையில் உள்ள எடை. வீக்கம், மூச்சுத்திணறல் இல்லாமலும், டயாலிசிஸ் முடிந்ததும் மயக்கம், கால்பிடிப்பு இல்லாமலும், பி.பி. கட்டுக்குள்ளும் இருக்கும் எடையை மருத்துவர் பல வாரங்கள் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அந்த எண் கேஸ் ஷீட்டில் ஏறியதும் எல்லோரும் அதை மறந்துவிடுவதே நான் கண்ட பெரிய ஆபத்து.

ஆலங்குளம் பக்கத்திலிருந்து பலசரக்குக் கடைக்கார அண்ணாச்சி ஒருவர் வருவார். டிரை வெயிட் 62 கிலோ. மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வந்து மூன்று வாரம் கஞ்சியிலேயே கிடந்தார். திரும்பி வந்தபோதும் ஒவ்வொரு முறையும் 62-லேயே இறக்கி அனுப்பினோம். எண் மாறவில்லை, ஆனால் ராத்திரி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார், மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினார். அவர் வீட்டுக்காரி மருத்துவரிடம், “வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்கு சார், ஆனா வெயிட்டு மட்டும் குறையல” என்றார். விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. சதையில் இரண்டு கிலோ கரைந்து, அந்த இடத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் உட்கார்ந்திருந்தது. மருத்துவர் அரை அரை கிலோவாகக் குறைத்து நாலைந்து முறையில் 60-க்குக் கொண்டுவந்த பிறகு அவர் ஒரே தலையணையில் படுத்தார்.

இதற்கு நேர்மாறாக, உடம்பு தேறி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தவருக்குச் சதை கூடும். அவரைப் பழைய எடைக்கே இழுத்தால் எடுக்கக் கூடாத தண்ணீரை எடுத்தவர்களாவோம். காய்ச்சல், அறுவை சிகிச்சை, பசியில் மாற்றம், வேட்டியோ சேலைப் பாவாடையோ தளர்வது அல்லது இறுகுவது, இவற்றில் எது நடந்தாலும் மருத்துவரிடம் டிரை வெயிட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: ஊசி குத்தும் முன்பு வேகத்தைக் கணக்கிடுங்கள்

எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்காமல், ஒரு மணி நேரத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லி என்று கேட்க வேண்டும். எடுக்க வேண்டிய மில்லியை மணி நேரத்தால் வகுத்து, அதை டிரை வெயிட்டால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 60 கிலோக்காரருக்கு நாலு மணி நேரத்தில் 2 லிட்டர் என்றால் 8.3, 3 லிட்டர் என்றால் 12.5, 4 லிட்டர் என்றால் 16.7. இந்த எண் 13-ஐத் தாண்டினால் இதயத்துக்குக் கேடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை; 10-க்குள் நிற்பது இன்னும் நல்லது. 60 கிலோவுக்கு 10 என்ற வேகத்தில் நாலு மணி நேரத்தில் 2400 மில்லிதான் எடுக்க முடியும்.

வேகமாக இழுக்கும்போது பி.பி. படுப்பது மட்டும் பிரச்சினை இல்லை. ரத்த ஓட்டம் குறையும் அந்த நேரங்களில் இதயத் தசையின் சில பகுதிகள் சிறிது நேரம் துடிப்பு மங்கி நிற்கின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வருடக்கணக்கில் இது நடந்தால் இதயம் நிரந்தரமாகப் பலவீனப்படும். மயக்கம் வரவில்லையே என்று சமாதானம் ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கில் விட்டுப்போவது ஒன்று உண்டு. முடிவில் மெஷின் குழாயிலுள்ள ரத்தத்தை உடலுக்குத் திருப்ப விடும் 200 முதல் 300 மில்லி சலைன் என்ற உப்புநீரையும், நடுவில் குடிக்கும் காப்பியையும் எடுக்க வேண்டிய அளவோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

எண் 13-ஐத் தாண்டுகிறது என்றால் வழி இரண்டுதான்: நேரத்தைக் கூட்டுவது, அல்லது இன்னொரு நாள் கூடுதலாக வருவது. நம் பக்கத்தில் வாரம் இரண்டு முறை மட்டும் வருகிறவர்கள் அதிகம். பஸ் தூரமும் கூலி வேலை இழப்பும் எனக்குத் தெரியாதவை இல்லை. ஆனாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இருக்கிறது. மருத்துவர் மூன்றாவது நாளை எழுதிக் கொடுத்தால் அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிரான்சு நாட்டின் டாசான் என்ற ஊரில் வாரம் மூன்று முறை, முறைக்கு எட்டு மணி நேரம் என்று மெதுவாக டயாலிசிஸ் செய்து, உப்பையும் குறைத்து, பெரும்பாலான நோயாளிகளைப் பி.பி. மாத்திரையே இல்லாமல் வைத்திருந்தார்கள். நேரம் என்பது அவ்வளவு பெரிய மருந்து.

படி 5: கட்டிலில் இருக்கும் நாலு மணி நேரம்

சில மெஷின்களில் ரத்த அளவைக் காட்டும் கோடு ஒன்று திரையில் ஓடும். மெஷின் குழாயில் ஒளியையோ ஒலி அலையையோ செலுத்தி, ரத்தம் எவ்வளவு அடர்த்தியாகிறது என்று அளந்து போடும் கோடு அது. தொடக்கத்தை 100 என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் போகப் போகக் கோடு இறங்கும். மெதுவாகச் சரிந்து 90, 88 என்று வந்தால் எடுப்பதும் ஊறுவதும் ஓரளவு ஒத்துப் போகின்றன. முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே செங்குத்தாக இறங்கினால் கை ஊற்றை மிஞ்சுகிறது. இரண்டு லிட்டர் எடுத்த பிறகும் கோடு அசையாமல் நேராகவே போனால், இடுக்குகளில் இன்னும் நிறையத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, டிரை வெயிட்டைக் குறைக்க இடம் இருக்கலாம் என்று பொருள்.

ஆனால் இந்தக் கோட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. எழுந்து உட்கார்ந்தாலும், சாப்பிட்டாலும், சலைன் விட்டாலும் கோடு மாறும். ஒருவருக்கு 92-லேயே கண் இருட்டும். இன்னொருவர் 80 வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். உங்களுக்கு எந்த எண்ணில் கோளாறு தொடங்குகிறது என்று நாலைந்து முறை கவனித்து எழுதி வைத்தால் அது உங்களுக்கே உரிய எல்லைக்கல்லாகும். இந்த வசதி இல்லாத மெஷின்தான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை பி.பி.யும் உங்கள் வாயும் போதும்.

உங்கள் வாய் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மெஷின் அலாரம் அடிக்கும் முன்பே உடம்பு சொல்லிவிடும். தொடர்ந்து கொட்டாவி வருவது, நெற்றியும் பிடரியும் திடீரென்று வேர்ப்பது, குமட்டல், காது அடைப்பது, பேச்சு மெலிவது. கொட்டாவியைத் தூக்கம் என்று நினைத்து எத்தனையோ பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மூன்றாவது கொட்டாவியிலேயே “சிஸ்டர், பி.பி. பாருங்க” என்று கூப்பிடுங்கள். தண்ணீர் இழுப்பதை நிறுத்தி, காலை உயர்த்தி, தேவைப்பட்டால் 100 முதல் 200 மில்லி சலைன் விட்டால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இரண்டாவது மணி நேரத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பது நம் ஊர் வழக்கம். சாப்பிட்டவுடன் ரத்தம் குடலுக்குத் திரும்புவதால் அடிக்கடி பி.பி. படுக்கிறவர்கள் வரும் முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. அன்று காலை பி.பி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவதா, முடிந்த பிறகு போடுவதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷினில் ஓடும் திரவத்தின் வெப்பத்தை 36 டிகிரிக்குக் குறைத்தாலும் குழாய்கள் சுருங்கி அழுத்தம் தாங்கும். லேசாகக் குளிரும், ஒரு போர்வை கொண்டு வந்தால் போதும். திரவத்தில் சோடியத்தைக் கூட்டுவது வேறு கதை: அன்றைக்குப் பி.பி. நிற்கும், ராத்திரி தாகம் தாங்காது, அடுத்த முறை ஒரு கிலோ கூடுதலாக வருவீர்கள்.

படி 6: எழுந்து வீட்டுக்குப் போவது

படுத்திருக்கும்போது 120 இருந்த பி.பி. எழுந்து நின்றதும் 90 ஆகலாம். ஊசி எடுத்த பிறகு காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள், நின்றபடி ஒருமுறை பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். இடுக்குகளிலிருந்து தண்ணீர் ஊறி வருவது மெஷினை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் தொடரும் என்பதால் அரை மணி நேர ஓய்வு பெரிய உதவி. சித்திரை வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்கு வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நிற்பது அந்த அரை மணிக்கு மாற்றாகாது. பி.பி. மிகவும் படுத்த நாளில், வீடு போய்ச் சேர்ந்ததும் பிஸ்டுலாவில் (ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) கை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ரத்த ஓட்டம் தளர்ந்தால் பிஸ்டுலா உறைந்து அடைபடலாம். அதிர்வு இல்லையென்றால் விடியும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 7: தாகத்தை அடக்க வேண்டாம், உப்பை அடக்குங்கள்

தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டே உப்பைப் பற்றிப் பேசாத அறிவுரை பயனில்லாதது. ஏறத்தாழ 8 கிராம் உப்பு உடலுக்குள் போனால், அதைச் சமன்செய்ய ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும்வரை தாகம் விடாது. உப்போடு சேர்ந்த தண்ணீர் செல்களுக்குள் போகாமல் இடுக்கிலும் ரத்தக்குழாயிலுமே தங்கி, பி.பி.யையும் வீக்கத்தையும் ஏற்றும். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் நீண்டகால டயாலிசிஸைத் தொடங்கியபோது முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸின் கடுமையான பி.பி. தண்ணீரை எடுத்தும் உப்பைக் குறைத்துமே கட்டுக்கு வந்தது. அவர் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு சிறு கரண்டி, எல்லாம் சேர்த்து. கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், கூழ்வற்றல், அப்பளம் ஆகியவற்றை விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இந்துப்பு கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது; அதுவும் சோடியம் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருப்பதால் டயாலிசிஸ் நோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்து. இளநீரும் பதநீரும் அதே காரணத்தால் ஆகாதவை. சொதி, ரசம், மோர், நீராகாரம் எல்லாமே திரவக் கணக்கில் சேரும். சர்க்கரை ஏறினாலும் தாகம் வரும் என்பதால் சர்க்கரை நோயாளிகள் அல்வாவையும் இந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்க் கொடையும் கல்யாண வீடும் வந்தால் ஐந்து கிலோவோடு வருகிறவர்களைத் திட்டி நான் பலன் கண்டதில்லை. கொடைக்கு மறுநாளே டயாலிசிஸ் கிடைக்கும்படி தேதியை முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டி, இருமலில் நுரை வந்தால் அடுத்த முறைக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

படி 8: வருடக்கணக்கில் மாறுவது சிவப்பணு

இதுவரை பேசியது பிளாஸ்மாவின் ஏற்ற இறக்கம். நீண்டகாலத்தில் ரத்த அளவின் மறுபகுதியான சிவப்பணுவும் குறைகிறது. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் போதாமல் சிவப்பணு உற்பத்தி மந்தமாகிறது. ரத்தத்தை வடிகட்டும் உருளையான டயலைசரில் தங்கும் மிச்ச ரத்தமும், அடிக்கடி எடுக்கும் பரிசோதனை ரத்தமும் இரும்புச்சத்தைக் கரைக்கின்றன. முடிவில் சலைன் விட்டு டயலைசரை நன்றாக வெளுக்கும்வரை திருப்பச் சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு நிமிட நிதானம் வருடத்தில் கணிசமான ரத்தத்தை மிச்சப்படுத்தும்.

ஹீமோகுளோபின் எண்ணைப் படிக்கும்போதும் தண்ணீரை நினைவில் வையுங்கள். மூன்று லிட்டர் மிகுதியாக இருக்கும்போது ரத்தம் நீர்த்துப்போய் 9.4 காட்டும், டயாலிசிஸ் முடிந்ததும் எடுத்தால் அதே ரத்தம் 10.5 காட்டலாம். சிவப்பணு ஒன்றும் கூடிவிடவில்லை. ஆகவே எப்போதும் டயாலிசிஸுக்கு முன்பு, முடிந்தால் வார நடுவில் வரும் முறையில் எடுத்து ஒப்பிட வேண்டும். எரித்ரோபொயட்டின் ஊசியில் ஹீமோகுளோபின் வேகமாக ஏறினால் பி.பி.யும் ஏறக்கூடும் என்பதால், பொதுவாக 10 முதல் 11.5 வரை வைத்திருக்க முயல்வார்கள்.

படி 9: வெளியூர் போகும்போது

மகள் வீட்டு விசேஷத்துக்குச் சென்னையோ திருவனந்தபுரமோ போய், அங்கே தெரியாத மெஷினில் ஏறும் நாளில்தான் அதிகம் பேர் மயங்குகிறார்கள். அங்குள்ள டெக்னீஷியனுக்கு உங்கள் ஊற்றின் வேகம் தெரியாது. நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்: இன்றைய டிரை வெயிட், அது கடைசியாக மாற்றப்பட்ட தேதி, கடந்த மூன்று முறையும் எத்தனை மணி நேரத்தில் எத்தனை மில்லி எடுத்தார்கள், அப்போது மிகக் குறைந்த பி.பி. என்ன, உங்களுக்கு முதலில் வரும் அறிகுறி கொட்டாவியா, வேர்வையா, கால்பிடிப்பா, திரவத்தின் வெப்பமும் சோடியமும், ஒவ்வாத மருந்துகள், பிஸ்டுலா எந்தக் கையில். கட்டிலில் ஏறியவுடன் அந்தப் பக்கத்தைப் பிரித்து, அவர் எடை பார்க்கும் முன்பே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.